அறுபத்தெட்டு நிமிடக் கோடுகள்

மேலிருந்து இரண்டாவது பித்தானை வலது கை போட்டு முடிக்கிறது, முடித்த சூட்டோடு இடது கை ஊர்ந்து வந்து அதைக் கழற்றுகிறது, வலது கை மறுபடியும் போடுகிறது, இடது கை மறுபடியும் கழற்றுகிறது, செண்பகம் குனிந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் சண்டையைப் பார்ப்பதைப் போல, காலை எட்டு மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாக அவள் மடியில் விழுந்து கிடக்கிறது, நான் இட்லித் தட்டோடு நிற்கிறேன், ஏ, விடுட்டி என்கிறேன், நாற்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்த மனைவியிடம் இல்லை, அவளுடைய கையிடம், நான் இல்லங்க, இவதான், சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கா என்கிறாள் செண்பகம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் என் கை என்றுதான் சொன்னாள், பிறகு இந்தக் கை என்றாள், இப்போது இவ, நைட்டியில் மொத்தம் நாலு பித்தான், நாலையும் போட்டு முடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது, அதுவும் நல்ல நாளாக இருந்தால்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆவணிக் காலையில் அடுப்படியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள், கையில் கொத்தமல்லிக் கட்டு இருந்தது, அதை மட்டும் விடவில்லை, மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள், பதினைந்து நாள் ஆஸ்பத்திரி, நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, கொஞ்சம் மெதுவாக, இடது கையும் திரும்பியது, பிடிக்கும், தூக்கும், விரல் மடக்கும், ஆனால் அவளிடம் திரும்பவில்லை. அவள் தலை சீவ சீப்பை எடுத்தால் அது பிடுங்கிக் கீழே வைக்கும், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் அது நகர்த்தும், இதெல்லாம் பரவாயில்லை, சில நாள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம், ஒரு நாள் மாத்திரை கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அது எழுந்து வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியது. பலமாக இல்லை, பஸ்ஸில் மேலே சாய்ந்து தூங்குகிறவனைத் தள்ளுவார்களே, அந்த மாதிரி, வலது கை பதறிப்போய் வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்து மடிக்கு இழுத்துக்கொண்டது, மன்னிச்சுக்கிடுங்க என்றாள் செண்பகம், கண் கலங்கியிருந்தது, அதற்கென்ன, கைதானே என்றேன். ரிட்டயர் ஆன கண்ட்ரோலருக்கு வேறென்ன வேலை, காகிதத்தில் கட்டம் போட்டுக் குறிக்கத் தொடங்கினேன், எந்த நேரத்தில், யாரை, எத்தனை தடவை, பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணை அது தள்ளவில்லை, மாடி வீட்டு அம்மாவைத் தள்ளவில்லை, பால்காரர் நீட்டிய பாக்கெட்டைக்கூட மரியாதையாக வாங்கி வைத்தது, தள்ளியது என்னை மட்டும், இருபத்து மூன்று நாளில் முப்பத்தொரு தடவை.

அந்தக் காகிதத்தை நேற்று டாக்டர் பெனிட்டாவிடம் காட்டினேன், நாகர்கோவில் பக்கத்துப் பெண், வயது முப்பத்தைந்துகூட இருக்காது, கட்டங்களையும் கோடுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கிள் கணக்கு வாத்தியாரா என்று கேட்டார், இல்லம்மா, ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலர் என்றேன், அது என்ன வேலை என்றார், கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன். காதில் ஹெட்போன், முன்னால் மேஜை அகலத்துக்கு ஒரு சார்ட், குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள், இருபத்திரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒரே கம்பியில் என் காதுக்குள் இருப்பார்கள், வண்டி புறப்பட்டால் சொல்வார்கள், கடந்தால் சொல்வார்கள், நான் பென்சிலால் கோடு இழுப்பேன், ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வருகிற வண்டிகளை எந்த ஸ்டேஷனில் சந்திக்க வைப்பது, எதை நிறுத்தி எதை விடுவது, எல்லாம் நான் சொல்ல வேண்டும், நாற்காலியை விட்டு மூத்திரம் போக எழுந்திருப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும் என்றேன், எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் சொன்ன பேச்சு, நாக்கு தானாக ஓடியது, ஓடி முடித்த இடத்தில்தான் கேட்டேன், அந்த மாதிரி மூளைக்குள்ளேயும் ஒரு நாற்காலி இருக்குமேம்மா, அதில் இருக்கிறவருக்கு என்ன ஆச்சு, அவர் ஏன் இந்தக் கையைக் கண்டிக்க மாட்டேன் என்கிறார்.

அப்படி ஒரு நாற்காலியே கிடையாது அங்கிள் என்றார் டாக்டர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு அரைவட்டம் போட்டார், நடுவில் பாலம் மாதிரி ஒரு பட்டை, அதைப் பேனாவால் வெட்டினார், இங்கேதான் ஆன்ட்டிக்கு அடைப்பு, இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் பேச்சுவார்த்தை குறைஞ்சுபோச்சு, பேசுற பாதி இது, இடது கையை ஆட்டுற பாதி அது, இது கேட்டு அது செய்யறதில்ல, எல்லாருக்கும் உள்ளே அப்படித்தான், அங்கங்கே ஒரு பகுதி பக்கத்தில் இருக்கிறதைக் கேட்டு அது பாட்டுக்கு வேலை பார்த்துட்டு இருக்கும், எல்லாம் முடிஞ்ச பிறகு பேசுற பாதி நான்தான் செஞ்சேன், இதுக்காகச் செஞ்சேன்னு கோர்வையாக ஒரு காரணம் சொல்லும், பொய் இல்ல அங்கிள், அதுக்கே தெரியாது என்றார். நான் சிரித்துவிட்டேன், சத்தமாக, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி, சிரிப்பு நிற்கவில்லை, டாக்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டேன், அந்தக் கை என்னைத் தள்ளுதே, அது அவள் மனசில் உள்ளதுதானா. தெரியாது அங்கிள், வெறும் அசைவாகவும் இருக்கலாம், நீங்கதான் எப்பவும் அவங்க இடது பக்கம் உட்காருறீங்க, அதனாலும் இருக்கலாம், என்று நிறுத்திவிட்டு, ஒண்ணு சொல்லுவேன், மூளை பார்க்கிற வேலையில் பெரிய பங்கு ஏவி விடறது இல்ல, பிடிச்சு நிறுத்தி வைக்கிறது, அந்தப் பிடி விட்டுப்போனா உள்ளே எப்பவோ கிடந்தது வெளியே வரும் என்றார், செண்பகம் அந்த நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தன் இடது கையை வலது கையால் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

எப்பவோ கிடந்தது. எப்போது என்று எனக்குத் தெரியும், எண்பத்தாறாம் வருடம், பங்குனி, பகல் பன்னிரண்டு நாற்பத்திரண்டு, ஹெட்போனுக்குள் எப்போதும் இருக்கும் இரைச்சல் பட்டென்று நிற்கிறது, முதலில் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைக்கிறேன், ஹலோ முள்ளிக்குளம் என்கிறேன், ஹலோ செம்மண்பட்டி என்கிறேன், பதில் இல்லை, எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது, பக்கத்து அறையில் என் மேலதிகாரி டெபுடி கண்ட்ரோலர் இருக்கிறார், போய்ச் சொல்ல வேண்டும், சார்ட்டில் கண்ட்ரோல் தடை என்று எழுதி நேரம் போட வேண்டும், விதி அதுதான், எழுந்திருக்கப்போகிறேன், அப்போது வாசலில் ரயில் கார்டு சவரிமுத்து வந்து நிற்கிறார், ரயில்வே காலனியில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர், ஒன்றரை மணிக்கு அவருக்கு டியூட்டி, யூனிஃபார்மில் இருக்கிறார், சைக்கிள் மிதித்து வந்த மூச்சு வாங்குகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குதாம், கண்ணு சொருகுதாம், உங்க வீட்டம்மா உங்கள உடனே வரச் சொல்லுதாங்க என்கிறார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை முப்பத்தேழு வருடமாக எனக்கே வேறு மாதிரி சொல்லிவந்திருக்கிறேன், இன்று உள்ளபடி சொல்கிறேன், செத்துப்போன ஹெட்போனை நான் காதோடு அழுத்திக்கொண்டேன், ஒரு கையைத் தூக்கிச் சவரிமுத்துவைப் பொறுங்கள் என்று சைகை காட்டினேன், அந்தப் பக்கம் யாருமே இல்லாத கம்பிக்குள் பேசினேன், முள்ளிக்குளம், கூட்ஸை லூப்பில் போடுங்க, எக்ஸ்பிரஸை விடுங்க, ஆமா, நான்தான் சொல்லுதேன், என்று சத்தமாக, அதிகாரமாக. ஏன் அப்படிச் செய்தேன், வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு கார்டு நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அவ்வளவுதான், இதைவிடப் பெரிய காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, பேசி முடித்துவிட்டுச் சொன்னேன், ரெண்டு மணிக்கு ரிலீஃப் ஆளு வந்ததும் நானே வந்துருதேன், அதுவரைக்கும் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கச் சொல்லுங்க, நான் இப்போ எந்திரிச்சா செக்‌ஷனே நின்னுபோகும். சவரிமுத்து தலையாட்டினார், என் மேல் மரியாதையோடு தலையாட்டினார், போய்விட்டார், நான் உட்கார்ந்திருந்தேன், காதில் ஒன்றும் கேட்கவில்லை, மின்விசிறி சுற்றியது, சார்ட்டில் வெள்ளையாக ஒரு மணி நேரம் கிடந்தது, டெபுடியிடம் போய்ச் சொன்னால் போடா வீட்டுக்கு என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்பார், நான் போகவில்லை, சவரிமுத்துவிடம் சொன்னது சொன்னதாக இருக்க வேண்டும் என்று இருந்தேன், என் மகள் கோமு அந்த நேரத்தில் எங்கே இருந்தாள் என்பதை நான் நினைக்கவே இல்லை.

ஒன்று ஐம்பதுக்கு இரைச்சல் திரும்பி வந்தது, ஸ்டேஷன் மாஸ்டர்கள் வரிசையாக நேரம் சொன்னார்கள், அறுபத்தெட்டு நிமிடத்தில் ஆறு வண்டிகள், எல்லாம் ஓடியிருந்தன, ஒவ்வொருவரும் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, பாதை காலி என்று லைன் கிளியர் வாங்கி, கொடுத்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்த்திவிட்டிருந்தார்கள், முள்ளிக்குளத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இருளப்பன் கூட்ஸை லூப் என்கிற பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி எக்ஸ்பிரஸை நிற்காமல் அனுப்பியிருந்தார், அதற்கடுத்த சந்திப்பையும் அவரே முடிவு செய்திருந்தார், நானாக இருந்தால் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போட்டிருப்பேன், எட்டு நிமிடம் வீணாகியிருக்கும், பென்சிலைக் கூர் சீவிக்கொண்டேன், அவர்கள் சொல்லச் சொல்ல வெள்ளை இடத்தில் கோடு இழுத்தேன், ஒரு பிசிறு இல்லாமல், நானே உட்கார்ந்து நடத்தியதைப் போல, தடை என்று எங்கும் எழுதவில்லை. ரிலீஃப் வந்தது, கையெழுத்துப் போட்டேன், இரண்டு இருபதுக்கு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன், செண்பகம் இரும்புக் கேட்டுப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தாள், இடுப்பில் கோமு, தலை தோளில் கிடந்தது, கால் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன, ஆஸ்பத்திரியில் டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார், சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்துவிட்டது, நாலு வயது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான், என்னால் எழுந்திருக்க முடியவில்லை, இருபத்திரண்டு ஸ்டேஷன் என் கையில் இருந்தது, துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன், மச்சினனிடம் சொன்னேன், அவளிடம் சொன்னேன், அவள் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டதில்லை, பிறகு எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவும் இல்லை.

நேற்று ஆட்டோவில் திரும்பும்போது செண்பகம் கேட்டாள், இவள யாரு ஏவுதான்னு டாக்டர்ட்ட கேட்டீங்களா, என்ன சொன்னாங்க, யாரும் ஏவவில்லையாம், ஏவுகிற ஆளே உள்ளே கிடையாதாம், பிடித்து நிறுத்துகிற பிடிதான் விட்டுப்போச்சாம் என்றேன், வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தேன், கண்ட்ரோல் ஆபீஸுக்குள் நுழைகிறேன், கதவைத் திறந்தால் அது ஆபீஸ் இல்லை, செண்பகத்தின் தலைக்குள் இருக்கிற அறை, எனக்கு எப்படியோ தெரிகிறது, சுவரெல்லாம் இளஞ்சூடாக இருக்கிறது, நாற்காலி காலி, உட்கார்ந்து பழகிய பள்ளம்கூட அதில் இல்லை, மேஜையில் ஹெட்போன் கிடக்கிறது, எடுத்துக் காதில் வைத்தால் கோமுவின் குரல், லைன் கிளியர் உண்டாப்பா, வீட்டில் அப்படித்தான் கேட்பாள், கதவுக்குப் பின்னால் நின்று, நான் உண்டு என்றால்தான் ஓடிவருவாள், இல்லை என்றால் நிலைப்படியில் ஒற்றைக் காலில் நின்று ரயில் மாதிரிக் கூவுவாள், நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு, உண்டு, உண்டும்மா, வா வா என்று கத்துகிறேன், என் சத்தம் அவளுக்குப் போகவில்லை, அவள் கேட்டுக்கொண்டே நிற்கிறாள், கண் விழித்தபோது செண்பகம் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கனவில் பேசினேனா என்று கேட்கப் பயமாக இருந்தது.

இன்று காலை இட்லித் தட்டோடு நிற்கிறேன், வலது கை போடுகிறது, இடது கை கழற்றுகிறது, விடுட்டி என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் வெட்கமாக இருக்கிறது, யாருக்கு யார் உத்தரவு போடுவது, தட்டை ஜன்னல் திண்டில் வைக்கிறேன், அவளுடைய இடது பக்கம், அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறேன், செம்பா, அன்னைக்கு நான் வந்திருக்கலாம், சவரிமுத்து வரும்போதே போன் செத்துப்போச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரு வேலையும் இல்லாமதான் உக்காந்திருந்தேன், வண்டியெல்லாம் நான் இல்லாமலே போச்சு, சும்மா பேசுன மாதிரி நடிச்சேன், பொறவு கோடு போட்டுச் சரிக்கட்டிட்டேன், என்கிறேன், என் குரல் எனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்கிறது, இதைச் சொன்னால் கூரை இடிந்து விழும் என்று முப்பத்தேழு வருடம் நினைத்திருந்தேன், வெளியே பால்காரர் மணி அடித்துக்கொண்டு போகிறார்.

தெரியும்ங்க, என்கிறாள் செண்பகம்.

மூணாம் நாள் துக்கங் கேக்க இருளப்பன் சார் வீட்டுக்காரி வந்திருந்தால்லா, என்று மெதுவாகச் சொல்கிறாள், வார்த்தை வார்த்தையாக எடுத்து வைக்கிறாள், அவதான் சொன்னா, அன்னைக்கு கண்ட்ரோல் போனே இல்லையாமே, எங்க வீட்டுக்காரரே எல்லா வண்டியையும் பாத்து விட்டாராம், பாவம் உங்க வீட்டுக்காரரு உக்காந்த எடத்துல எப்படித் தவிச்சாரோன்னு, ஆறுதலாத்தான் சொன்னா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை என்கிறேன், கேட்டா பொறவு நீங்க எங்க போவீங்க, நான் எங்க போவேன், என்கிறாள், தெரு முனையில் ஒரு பஸ் திரும்புகிறது, நான் மட்டும் என்ன, நீங்க வருவீங்க வருவீங்கன்னு இரும்புக் கேட்டுப் பக்கத்துலயே நின்னேன், ஜங்ஷன் ஆஸ்பத்திரி எட்டுற தூரந்தான, தூக்கிட்டு ஓடிருக்கலாம்லா, காலு ரெண்டும் ஓடு ஓடுன்னுதான் துடிச்சுது, உங்க சொல்லுக்காக நிறுத்தி வச்சிருந்தேன், என்கிறாள், பிறகு தன் இடது கையைக் குனிந்து பார்க்கிறாள், இந்தத் தடவை குறை சொல்லாமல் பார்க்கிறாள், அம்புட்டு நேரமும் இவமேலதான கெடந்தா கோமு, சூடு கூடுனதும் இவளுக்குத்தான் தெரியும், சூடு கொறஞ்சதும் இவளுக்குத்தான் தெரியும்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன், துடைத்துக்கொள்ளவில்லை, இடது கை மடியிலிருந்து எழுந்தது, என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தது, தள்ளியது, இந்தத் தடவை பலமாக, ஸ்டூல் பின்னால் ஆடியது, வலது கை வழக்கம்போல் பதறி எழுந்தது, பாதி வழி வந்தது, நின்றது, யாரோ வேண்டாம் என்று சொன்னதைப் போல மெல்ல மடிக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது, செண்பகம் அதைத் தடுத்தாளா, அதுவாகத் திரும்பியதா, எனக்குத் தெரியாது, அவளைக் கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்வாள், அதுவும் பொய்யாக இருக்காது. நான் ஸ்டூலை முன்னால் நகர்த்திக்கொண்டேன், இடது கை மறுபடி தள்ளியது, மறுபடி நகர்ந்தேன், எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, எண்ணாமல் இருந்தது இதுதான் முதல் தடவை, கடைசியில் கை ஓய்ந்துபோய் என் சட்டையிலேயே கிடந்தது, மூச்சு ஏறி இறங்க அதுவும் ஏறி இறங்கியது, அவளுடைய நைட்டியில் இரண்டாவது பித்தான் கழன்று கிடக்கிறது, நாங்கள் யாரும் அதைப் போடப் போகவில்லை, இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது, வெயில் மடியிலிருந்து இறங்கித் தரைக்குப் போய்விட்டது, அந்த விரல்கள் என் சட்டையில் எதையோ தேடி, மேலிருந்து இரண்டாவது பித்தானைப் பிடித்து, நிதானமாகக் கழற்றின, உள்ளங்கை உள்ளே வந்து வெறும் நெஞ்சின் மேல் படிந்தது, காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதைப் போல, செண்பகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், யார் சொல்லி வந்தது என்று நான் கேட்கவில்லை, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.